அர்த்தத்தை அளக்கப் போனவர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, நீ ஏதோ கம்ப்யூட்டர், மொழி, அர்த்தம்னு மாநாடுகளுக்கெல்லாம் போறியாமே, அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். நான் 2010-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். எனக்கே புரிய நாளானது. அதனால் உங்களுக்குப் புரியாமல் பேச எனக்கு வழியில்லை.

"மாடிப் படியில உட்கார்ந்து படி" என்று அம்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் குழம்புவதில்லை. முதல் படி வேறு, இரண்டாவது படி வேறு. நம் நிகண்டுகளில் ஒரு சொல்லுக்குள்ள பல பொருளைத் திரட்டித் தருவதற்கென்றே ஒரு தொகுதி வைத்திருந்தார்கள். ஆனால் இந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எந்த நிகண்டும் சொல்லாது. அதைக் கேட்பவன்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையை இயந்திரத்துக்குச் சொல்லித்தர முடியுமா என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடிக் கூடிப் பேசுகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன்னால், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2012 டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி.யில் கோலிங் என்ற சர்வதேசக் கணினி மொழியியல் மாநாடு நடந்தது. 1965-ல் நியூயார்க்கில் தொடங்கிய வரிசை அது. சொந்தக் காசில் ரயில் ஏறிப் போனேன். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு சுற்றினேன், டீ குடித்தேன், பெரிய பெரிய ஆட்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பை கிடைத்தது, புத்தி கிடைக்கவில்லை.

2014-ல் நான் வேலை பார்த்த நிறுவனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்பைக் கவனித்து வந்தது. பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. குடியிருப்பவர்கள் எஸ்.எம்.எஸ்.ஸில் புகார் அனுப்புவார்கள். இது பிளம்பருக்கு, இது எலக்ட்ரீஷியனுக்கு, இது லிஃப்ட்காரருக்கு என்று பிரித்து, பதிலும் அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். பழைய புகார்கள் நாலாயிரத்தை நானே உட்கார்ந்து பிரித்து, அதை வைத்துப் புரோகிராமைப் பழக்கினேன். அதே நாலாயிரத்தைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தேன். நூற்றுக்கு 96 சரி! மேனேஜர் கேக் வெட்டினார்.

மூன்றாவது வாரம், ஒரு வீட்டிலிருந்து சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. "கிச்சனில் லீக், ஆள் அனுப்பவும்." வந்த புகார்களில் லீக் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் தண்ணீர்தான். புரோகிராம் யோசிக்கவே இல்லை. "பிளம்பர் நாளை காலை 10 மணிக்கு வருவார்" என்று பதில் போய்விட்டது. லீக் ஆனது தண்ணீர் இல்லை, காஸ். அனுப்பியவர் தனியாக இருந்த ஒரு பாட்டியம்மா. ராத்திரி ரவுண்ட்ஸ் போன வாட்ச்மேன் கதவுப் பக்கம் வாடை பிடித்து, உள்ளே போய் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "சுவிட்சைத் தொடாதீங்கம்மா" என்றிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

மறுநாள் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். "வாடை வந்துச்சுப்பா. ஆனா கம்பெனியே நாளைக்கு வர்றோம்னு சொல்றாங்களே, அப்போ பயப்பட ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன்" என்றார். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வார்த்தைதான். நான் அனுப்பிய தப்பான பதில் அவருடைய சரியான மூக்கையே நம்பவிடாமல் செய்துவிட்டது. கிளம்பும்போது, "விடுப்பா, உங்க மெஷினுக்கு மூக்கு இல்லையே" என்று சமாதானமும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பழைய மாநாட்டுக் கட்டுரைகளை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. நான் சறுக்கிய இடத்தில் எனக்கு முன்னால் எத்தனையோ பேர் சறுக்கி, அதை எழுதியும் வைத்திருந்தார்கள்.

1952 ஜூனில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயந்திர மொழிபெயர்ப்புக்கான முதல் மாநாட்டைக் கூட்டியவர் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற தத்துவ அறிஞர். 1954 ஜனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் நடத்தின. 250 சொற்கள், 6 விதிகள், ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். பத்திரிகைகள் கொண்டாடின. மூன்றிலிருந்து ஐந்து வருஷத்தில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். ஆனால் அந்த வாக்கியங்கள் செய்தவர்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்தவை. மாடல் எக்ஸாம் கேள்வியையே செமஸ்டரிலும் கேட்டால் நம் ஹாஸ்டலில் அரியர் வைத்தவன் ஒருத்தன் இருப்பானா? என்னுடைய 96-ம் அந்த ரகம்தான்.

1960-ல் அதே பார்-ஹில்லெல் தண்ணீர் ஊற்றினார். ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா என்று நமக்குத் தெரியும். சின்னக் குழந்தைகளை விளையாட விடும் தடுப்புக் கூண்டுக்கும் அதே பெயர். ஒரு பையன் தொலைத்த பொம்மைப் பெட்டி அந்தப் 'பென்'னுக்குள் கிடைத்தது என்று ஒரு வாக்கியம் வந்தால், பெட்டி பேனாவுக்குள் போகாது என்று எந்த இலக்கணம் சொல்லும், எந்த அகராதி சொல்லும் என்று கேட்டார். அதற்கு உலகம் தெரிய வேண்டும், உலகத்தை இயந்திரத்துக்குள் திணிக்க முடியாது என்றார். 1966-ல் அமெரிக்க அரசு அமைத்த ஆல்பாக் குழுவின் அறிக்கை வந்தது. மனித மொழிபெயர்ப்புதான் சரியாகவும் மலிவாகவும் இருக்கிறது என்றது. பண உதவி பெரும்பாலும் நின்றுபோனது. 1962-ல் தொடங்கியிருந்த துறைச் சங்கமே 1968-ல் தன் பெயரிலிருந்து 'இயந்திர மொழிபெயர்ப்பு' என்பதை எடுத்துவிட்டு, கணினி மொழியியல் சங்கம் என்று மட்டும் வைத்துக்கொண்டது.

அடுத்த முப்பது வருஷத்தில் சொற்பொருள் பிரிக்கும் முறைகள் நிறைய வந்தன. எல்லாருமே "என் முறை 90, என் முறை 95" என்றார்கள். அவரவர் சொல்லை அவரவர் தேர்ந்தெடுத்து, அவரவரே திருத்தினால் வேறென்ன வரும்? 1997-ல் வாஷிங்டனில் நடந்த ஒரு பட்டறையில் பொதுவான ஒரு பரீட்சை வேண்டும் என்ற யோசனை எழுந்தது. மறு வருஷம், 1998 செப்டம்பரில், இங்கிலாந்தின் சசெக்ஸில் ஹெர்ஸ்ட்மான்சூ கோட்டையில் அந்தப் பரீட்சையின் முடிவுகளோடு கூடினார்கள். பெயர் சென்செவல். அகழி சூழ்ந்த செங்கல் கோட்டை அது. ராயல் கிரீன்விச் வானாய்வுக்கூடம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. நட்சத்திரத்தை அளந்த இடத்தில் அர்த்தத்தை அளக்கக் கூடினார்கள்!

பரீட்சை நடந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் முப்பத்துச் சொச்சம் சொற்கள். 'ஷேக்' அவற்றில் ஒன்று. கை குலுக்குவதும் ஷேக், தலையை ஆட்டுவதும் ஷேக், பயத்தில் நடுங்குவதும் ஷேக், நம்பிக்கை ஆட்டம் காண்பதும் ஷேக். அகராதியும் பயிற்சி வாக்கியங்களும் எல்லாருக்கும் பொது. கேள்வித்தாள் வரும், விடை வராது. குறித்த நாளுக்குள் உங்கள் புரோகிராமின் பதில்களை அனுப்பிவிட வேண்டும். திருத்துவது வேறு ஆட்கள். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, எங்கே சறுக்கினோம் என்று பேச வேண்டும். நன்றாகச் செய்த புரோகிராம்களுக்குக் கிடைத்தது 75-க்கும் 80-க்கும் இடையில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதை முன்னின்று நடத்திய ஆடம் கில்கரிஃப், அகராதியில் போட்டிருப்பதுபோல் 1, 2, 3 என்று பிரிந்த சொற்பொருள்களில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று 1997-ல்தான் கட்டுரை எழுதியிருந்தார். எந்த வேலைக்காகப் பிரிக்கிறோமோ அந்த வேலையை வைத்துத்தான் பொருள் பிரியும் என்பது அவர் கட்சி. நம்பிக்கை இல்லாதவர் ஏன் பரீட்சை வைத்தார்? சந்தேகம் உள்ளவன்தான் ஒழுங்காக அளப்பான்.

2001-ல் துலூஸில் இரண்டாவது சென்செவல். அதேபோன்ற ஆங்கிலப் பரீட்சையில் முதலிடமே 64-க்கு இறங்கிவிட்டது. மூன்று வருஷத்தில் புரோகிராம்கள் மக்காகிவிட்டனவா? இல்லை, அளவுகோல் மாறியிருந்தது. முதல் முறை ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் தந்த பிரிவுகள். இந்த முறை பிரின்ஸ்டனில் ஜார்ஜ் மில்லர் 1985-ல் தொடங்கிய வேர்ட்நெட். அதில் பொருள்களை இழை இழையாகப் பிரித்திருப்பார்கள்.

இங்கேதான் நம் ஃபிட்டிங் லேப் ஞாபகம் வந்தது. வெர்னியரை எடுத்தவுடன் வேலைத்துண்டில் வைத்தால் திட்டு விழும். "முதல்ல வாயை மூடி ஸீரோ எரர் பாருடா!" நம் வாயையா வெர்னியர் வாயையா என்று முதல் நாள் எனக்குச் சந்தேகம். (சிரிப்பு) சென்செவல்காரர்கள் அந்த ஸீரோ எரரைப் பார்த்தார்கள். ஒரே வாக்கியத்தை இரண்டு மனிதர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, இருவரும் ஒரே பொருளைச் சொல்கிறார்களா என்று கணக்கெடுத்தார்கள். 2004-ல் பார்சிலோனாவில் நடந்த மூன்றாவது சென்செவலில், வாக்கியத்தின் எல்லாச் சொற்களுக்கும் வேர்ட்நெட் பொருள் குறிக்கும் பரீட்சை ஒன்று இருந்தது. அதில் இரண்டு மனிதர்கள் ஒத்துப்போனதே நூற்றுக்கு 72 அல்லது 73 இடங்களில்தான். மனிதனே அவ்வளவுதான் ஒத்துப்போகிறான் என்றால், இயந்திரம் 95 என்று சொன்னால் நாம் சந்தேகப்பட வேண்டாமா?

இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். யோசிக்கவே யோசிக்காமல், அதிகமாக வழங்கும் பொருளையே எல்லா இடத்திலும் எழுதிவிட்டால் எவ்வளவு வரும்? அதே பரீட்சையில் 60-ஐத் தாண்டிவிட்டது. முதலிடம் பெற்ற புரோகிராம் 65-ஐ ஒட்டித்தான் நின்றது. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு "லீக் என்றால் தண்ணீர்" என்பவனுக்கும், வருஷக்கணக்கில் உழைத்தவனுக்கும் வித்தியாசம் சொற்பம். இதைப் பத்து வருஷம் முன்பே அச்சில் போட்டிருக்கிறார்கள். நான் மும்பை வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 2007-ல் பிராகில் சென்செவல் செம்எவல் ஆனது. இழைப் பிரிவுகளைக் கூட்டிப் பெரிய கட்டுகளாக்கிய பரீட்சையில் மதிப்பெண் 80-ஐத் தாண்டியது. 2013-க்குப் பிறகு, அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டே ஒரு சொல்லை எண்களாக்கும் முறைகள் பரவின. 2017-ல் டிரான்ஸ்ஃபார்மர், 2019-ல் மினியாபொலிஸ் மாநாட்டில் பெர்ட், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. பார்-ஹில்லெலின் பேனாவும் கூண்டும் இன்றைய இயந்திரங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் அர்த்தம் பிடிபட்டுவிட்டதா? 2020-ல் சியாட்டிலில் நடக்கவேண்டிய கணினி மொழியியல் சங்க மாநாடு கொரோனாவால் இணையவழி நடந்தது. அதில் எமிலி பெண்டரும் அலெக்சாண்டர் கோலரும் ஒரு கதை சொன்னார்கள். இரண்டு தீவு, இரண்டு பேர். கடலுக்கடியில் கம்பி போட்டுத் தந்தியில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கெட்டிக்கார ஆக்டோபஸ் அந்தக் கம்பியில் ஒட்டுக்கேட்டு, எதற்குப் பின் எது வரும் என்று பழகிவிடுகிறது. ஒருநாள் கம்பியை வெட்டிவிட்டுத் தானே பதில் அனுப்புகிறது. நலம் விசாரிக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. "கரடி துரத்துகிறது, கையில் குச்சிதான் இருக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொள்கிறது. அதற்குக் கரடியும் தெரியாது, குச்சியும் தெரியாது. இந்தக் கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது, பலத்த எதிர்ப்பும் வந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பாட்டியம்மா சொன்ன மூக்குதான்.

இன்று நான் எழுதும் எந்தப் புரோகிராமிலும் மூன்று பழக்கங்கள் உண்டு. பழக்கிய கேள்வியால் சோதிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எவ்வளவு வரும் என்று முதலில் பார்க்கிறேன். தப்பினால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறேன். லீக் என்று ஒரு சொல் வந்தால், "தண்ணீரா, காஸா?" என்று திருப்பிக் கேட்க வைக்கிறேன். காஸ் என்றால் உடனே ஒரு மனிதருக்கு போன் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ் இணைய மாநாடு 1997-ல் சிங்கப்பூரிலும் 1999-ல் சென்னையிலும் கூடியபோது, எழுத்தைத் திரையில் கொண்டுவருவதும் விசைப்பலகையுமே பெரிய பாடாக இருந்தன. அது தீர்ந்துவிட்டது. 2021-ல் திராவிட மொழிகளுக்கென்றே ஒரு சர்வதேசப் பட்டறை தொடங்கியது. இனி அர்த்தத்தின் முறை. "எங்கள் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியும்" என்று யார் யாரோ சொல்கிறார்கள். தெரியுமா என்று பார்க்கும் கேள்வித்தாளை நாம் தயாரிக்கலாமே! படி, ஆறு, மாலை என்று ஒரு இருபது சொல். சொல்லுக்கு நூறு வாக்கியம், மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் கலந்து. இரண்டு மாணவர்கள் தனித்தனியாகப் பொருள் குறிக்கட்டும். ஒத்துப்போகாத இடத்தையும் எழுதி வைக்கட்டும். விடையை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைக்கட்டும். செலவு நோட்டும் டீயும்தான். சங்கம் இடம் கொடுத்தால் சனிக்கிழமைதோறும் வந்து உட்கார நான் தயார்.

வெர்னியரைக் கையில் கொடுத்து ஸீரோ எரர் பார்க்கச் சொன்ன இந்தக் கல்லூரிக்கு நான் பட்ட கடனில் அது ஒரு சிறு பங்காவது இருக்கும்.