நோயுற்ற குழந்தையும் செவிலியர் பணியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவம் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று தாங்கள் எண்ணக்கூடும். நாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் எழுத்தரே. ஆயினும், நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே இரவெல்லாம் கண்விழித்த தந்தை என்னும் தகுதி ஒன்று நமக்குண்டு. இங்குள்ளோர் பலருக்கும் அத்தகுதி இருத்தல் கூடும்.

நாம் வாழும் மல்லேஸ்வரத்தின் வளர்ச்சியே நோயின் அச்சத்தோடு தொடர்புடையது. 1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் காற்றோட்டமான இடம் தேடினர். அதன்பின் விரிந்த குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. இன்றோ கே.சி. பொது மருத்துவமனை நம் அண்டையிலேயே உள்ளது; தாய்க்கும் சேய்க்கும் வாணி விலாஸ் மருத்துவமனையும், குழந்தைகளுக்கென்றே இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும் நகரில் உள்ளன. மருந்துக்குக் குறைவில்லை, குறைவு நம் அறிவில்தான்.

சில ஆண்டுகட்கு முன், நம் இளைய மகனைச் சளியும் காய்ச்சலும் கண்டு ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அன்றிரவு அவன் வீரிட்டு அழுதான். பணியிலிருந்த செவிலியர் அவனைக் கடந்துபோய், எதிர்க் கட்டிலில் ஓசையின்றிக் கிடந்த குழந்தையின் சட்டையை உயர்த்திவிட்டு, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் அசையாது நின்றார். பணி முடியும் நேரத்தைப் பார்க்கிறார் போலும் என்று நமக்குச் சினம் மூண்டது. "எங்கள் பிள்ளை கதறுகிறான், நீங்கள் மணி பார்க்கிறீர்களே, அம்மா!" என்று கடிந்து பேசிவிட்டோம். அவர் திரும்பவில்லை. ஒரு நிமிடம் கழிந்ததும் மருத்துவரை அழைக்க ஓடினார். உடனே அக்குழந்தைக்குப் பிராணவாயு வைத்தார்கள். பிறகு நம்மிடம் வந்து, கன்னடம் கலந்த தமிழில், "ஐயா, உங்கள் பிள்ளைக்கு அழ மூச்சிருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு அழவும் மூச்சில்லை" என்றார்.

அவர் எண்ணியது நேரத்தை அன்று, மூச்சை. விபத்து நிவாரண வண்டி புறப்பட்டால் மெயில் வண்டியும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது ரயில்வேயில் இருக்கும் நமக்குத் தெரியாததா? ஆயினும், அன்று நாம் மெயில் வண்டியில் அமர்ந்து முணுமுணுக்கும் பயணியானோம். எது முன், எது பின் என்று அறிவதே செவிலியர் கலையின் உயிர். அன்று தொடங்கிக் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறோம்.

முதலாவது மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டுக்கு உட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்கு உட்பட்டதற்கு 40. இவ்வளவோ இதற்கு மேலோ இருப்பின் அது விரைவு மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது.

இரண்டாவது நீர். வயிற்றுப்போக்கு கண்டால் "வயிறு காயட்டும்" என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்துவது நம்மிடையே உள்ள பெரும்பிழை. 1971-இல் வங்காள தேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்துப் பங்கானில் அகதிகள் குவிந்தனர், காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் நீர் போதாமற்போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையற்சோடாவும் நீரிற் கலந்து, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்னும் அளவில் இருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கியது. தாயின் கையும் மருத்துவரின் கையே என்பதை அம்முகாம் உலகிற்குக் காட்டியது. ஆகவே, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதிற் குறித்த அளவு நீரில் முழுவதும் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டுக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெல்லப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தற்க. கண் குழிதல், நாவுலர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றைச் செவிலியரிடம் உடனே சொல்லுக.

மூன்றாவது காய்ச்சல். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துக் கிடத்துக. வாயில் எதையும் திணிக்கற்க. சாவிக்கொத்தைத் தேடி ஓடற்க. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே அபாய நாளாகலாம். அப்பொழுது வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, இரத்தக் கசிவோ, சோர்வோ கண்டால் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைக்குத் தாமாகக் கொடுத்தல் ஆகாது.

நான்காவது மனம். இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் பெற்றோர் குழந்தையைக் காண்பதே அரிதாயிருந்தது. பிரிவினால் குழந்தை படும் துயரை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார் 1952-இல் திரைப்படமாகக் காட்டினார். 1959-இல் பிளாட் குழு பெற்றோருக்குக் கதவைத் திறந்துவிடப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலோ தாய் கட்டிலை விட்டு அகல்வதில்லை. அது நற்பழக்கமே. ஆனால், பிளாஸ்க்கும் பழமுமாகப் பத்துப்பேர் சூழ்ந்து நிற்பது அன்பாகாது. கைகழுவாத அன்பு நோயையே கொண்டுவரும்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிபவனையும் வைத்தார். அந்நான்காம் இடத்தில் செவிலியரோடு நாமும் நிற்கிறோம்.

ஒரு வேண்டுகோள். குழந்தையின் வயது, எடை, நோய் தொடங்கிய நேரம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதிக்கொள்ள ஒரு சீட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, சங்கம் வீடுதோறும் வழங்குக. நள்ளிரவில் மொழி தடுமாறும் தாய்க்கு அது பேருதவியாகும்.

மூன்றாம் நாட் காலையில் எதிர்க் கட்டில் குழந்தை பாலுக்காக வீரிட்டழுதது. அந்த அழுகையைப்போல் இனிய ஓசையை நாம் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்கச் சென்றபோது, அச்செவிலியர் வேறு வார்டுக்கு மாறிப் போயிருந்தார். அன்று கேட்கத் தவறிய மன்னிப்பை, செவிலியர் அனைவரிடமும் இம்மேடையில் கேட்டு அமைகின்றோம்.