சிறுவர்க்கு அணுவைக் கற்பிக்கும் முறை

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி விருத்தியே சமூக விருத்திக்கு அடிப்படை என்பது இம்மேடையில் பலகாலும் பேசப்பெற்ற விஷயம். ஆகையால் கல்வியின் பெருமையை யான் இன்று விரித்துரைக்கப் போவதில்லை. நம் சிறுவர் நடுநிலை வகுப்புக்களில் பயிலும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு கற்பித்தல் நலம் என்பதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன். அப்பாடம் அணுவின் அமைப்பு.

முதற்கண் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறை. யான் ஆசிரியத் தொழிலில் புகுந்த புதிதில், கரும்பலகையின் நடுவே ஒரு வட்டம் இட்டு, அதனுள் புரோட்டான், நியூட்ரான் என்று எழுதி, சுற்றிலும் வளையங்கள் வரைந்து, அவற்றின்மேல் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதை யார் பார்த்தார்கள்?" என்று வினவினாள். "புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சைக்கு அது போதும்" என்று கூறி அவளை உட்காரச் செய்தேன். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் என் வகுப்பில் ஒரு வினாவும் கேட்டாளில்லை. விஞ்ஞானம் அவள் வினாவில் இருந்தது. என் விடையில் இல்லை. இதனை யான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

அவள் வினாவுக்குத் தக்க விடை உண்டு. அதனைக் கதைபோலச் சொன்னால் பன்னிரண்டு வயதுக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும். பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை என்பதை இரசாயன எடைக் கணக்கால் நிலைநாட்ட முற்பட்டவர் இங்கிலாந்து தேசத்து ஜான் டால்டன். அவர் நெசவாளி ஒருவரின் மைந்தர். அவர் தமது கொள்கையை 1808-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அணுவைப் பகுக்க இயலாதென்றே அவர் கருதினார். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் அணுவினும் மிகச் சிறியதாகிய எலக்ட்ரானைக் கண்டறிந்தார். ஆகவே அணுவுக்குள்ளும் உறுப்புக்கள் உள என்பது தெளிவாயிற்று. அவை எவ்வாறு அமைந்துள்ளன என்பதே அடுத்த வினா.

அதற்கு விடை மான்செஸ்டர் நகரத்தில் கிடைத்தது. ரதர்போர்டு என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில், 1909-ஆம் ஆண்டு, கைகர் என்பவரும், அப்பொழுது இருபது வயது மாணாக்கராயிருந்த மார்ஸ்டன் என்பவரும், மெல்லிய உலோகத் தகட்டின்மீது ஆல்பாத் துகள்களைச் செலுத்தினர். இருட்டறையில் அமர்ந்து, துகள் வந்து தாக்கும் திரையில் தோன்றும் சிறு ஒளிப்பொறிகளை நுண்ணோக்கி வாயிலாகக் கண்ணால் எண்ணினர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. ஏறத்தாழ 8000-இல் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. அணுவின் உட்புறம் பெரிதும் வெற்றிடம் என்றும், நடுவே மிகச் சிறிய, மிகப் பளுவான உட்கரு ஒன்று உண்டு என்றும் ரதர்போர்டு 1911-இல் முடிவு கூறினார். அவ்வுட்கருவினுள் நியூட்ரான் உண்டென்பதைச் சாட்விக் 1932-இல் காட்டினார். இவர்களுள் எவரும் அணுவின் உள்ளே எட்டிப் பார்த்தவரல்லர். விளைவைக் கண்டு காரணத்தை ஊகித்தவர்கள்.

இவ்வூகத்தைச் சிறுவர் தாமே செய்து பழகலாம். பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு பலகையைத் தரையினின்று சிறிது உயர்த்தி வைத்து, அதன் அடியில் அவர்கள் காணாவண்ணம் ஒரு மரக்கட்டையை ஒளித்து வையுங்கள். நாற்புறமிருந்தும் கோலிக்குண்டுகளை உருட்டச் சொல்லுங்கள். எது நேரே செல்கிறது, எது திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு, கட்டையின் வடிவத்தை அவர்கள் வரையட்டும். பலகையை மட்டும் இறுதிவரையில் தூக்கிக் காட்டலாகாது. அணு ஆராய்ச்சியாளரும் தூக்கிப் பார்த்தவரல்லரன்றோ!

அடுத்து, படத்தின் குறையைச் சொல்லிவிடுதல் வேண்டும். பொன்னின் அணு ஒன்றை 200 மீட்டர் அகலமுள்ள திருக்குளமாகப் பெருக்கினால், அதன் உட்கரு ஒரு கொண்டைக்கடலை அளவே இருக்கும். எந்தப் புத்தகத் தாளிலும் இவ்வளவை மெய்யாக வரைய இயலாது. வளையங்களும் அத்தகையனவே. போர் என்பார் 1913-இல் கூறிய அச்சித்திரம் கணக்கிடுதற்கு உதவுவது. எலக்ட்ரான்கள் கிரகங்களைப்போல் வட்டப் பாதையில் ஓடுவதில்லை என்பது 1926-ஆம் ஆண்டளவில் தெளிவாகிவிட்டது. 1981-இல் பின்னிக், ரோரர் என்னும் இருவர் அமைத்த புதுவகை நுண்ணோக்கி, அணுக்களைச் சிறு மேடுகளாகக் காட்டுகிறது. அங்கும் வளையம் ஒன்றும் தென்படுவதில்லை. ஊர்ப்படம் ஊராகாது என்பதைக் குழந்தை அறியும். அவ்வாறே இதனையும் அறியட்டும்.

நம் தமிழ்க் குழந்தைகளுக்கு வேறொரு மயக்கமும் உண்டு. உயிரணு, சிவப்பணு என்ற சொற்களைக் கேட்டு, அவையும் அணுக்களே என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஒரு சிவப்பணுவினுள் பல இலட்சம் கோடி அணுக்கள் அடங்கியுள்ளன என்று முதல் நாளே சொல்லிவிடுக. மேலும், வைசேஷிகம் வகுத்த கணாதர் அணுவைப்பற்றிச் சிந்தித்தது நமக்குப் பெருமையே. ஆயினும் அவர் கண்டது தத்துவ விசாரணையால். ரதர்போர்டு கண்டது சோதனையால். இரண்டையும் ஒன்றெனக் கூறி, முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று கற்பித்தால், குழந்தைக்கு ஆராயும் ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்?

பெற்றோர்களே! உங்கள் மகளோ மகனோ, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "இது பரீட்சைக்கு வருமா?" என்று திருப்பிக் கேளாதீர்கள். விடை தெரியாவிடில், தெரியாதென்று சொல்லி, சேர்ந்து தேடுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

நமது சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளித்து வருகிறோம், அது தொடரட்டும். அதனுடன், ஓர் உண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதைத் தன் சொந்தச் சொற்களால் இந்த அவையில் எடுத்துரைக்கும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ ஒரு பரிசு ஏற்படுத்துவீர்களாக. முதலாண்டுப் பரிசுத் தொகையை யான் அளிக்கிறேன். அன்று யான் உட்காரச் செய்த சிறுமிக்கு இனி விடை கூற இயலாது. அவளைப்போல் எழுந்து நிற்கும் குழந்தைகள் இவ்வவையில் பலர் உளர். அவர்களை உட்காரச் செய்யாதிருப்போமாக.