அச்சுக்குச் சரக்கு வாங்கும் முன்னே...

(பொம்மைத் தொழில் செய்யும் குழுக்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்குங்க. எனக்குத் தெரிந்தது காகிதக்கூழ் கொலு பொம்மையும் அதுக்கு அச்சு எடுப்பதும்தான். நாங்கள் காசு விட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அப்பத்தான் சட்டுனு புரியும்.

எங்கள் குழுவில் 12 பேர். முதல் வருஷம் நவராத்திரிக்குப் பொம்மை நன்றாகப் போனது. அந்தத் தைரியத்தில் குழுக் கடன் எடுத்து, பத்து மூட்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மொத்தமாக வாங்கினோம். மூட்டைக்குக் கொஞ்சம் விலை குறையும் என்றார் கடைக்காரர். கூரைக் கொட்டகையில் வெறும் தரையில் அடுக்கி வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாசம் பிரித்துக் கரைத்தால், அரைமணி நேரம் ஆகியும் கூழாகவே கிடக்குது! மறுநாள் ஒருவழியாக இறுகின அச்சில் காகிதக்கூழை வைத்து அழுத்தினதும் ஓரமெல்லாம் பொடிந்து போச்சு. நாலு மூட்டைதான் தேறியது. மீதி ஆறு மூட்டைக்கும் சேர்த்துத்தானே தவணை கட்டணும்? ஒரு அக்கா ஆட்டை விற்றுக் கட்டினார். இன்றைக்கும் பிளாஸ்டர் மூட்டையைப் பார்த்தால் அவர் முகம் மாறும்.

ஏன் இப்படி ஆனது? ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்து, அதற்குள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பாகத்தைப் போக்கி அரைப்பதுதான் இந்தப் பொடி. தண்ணீர் சேர்ந்தால் மறுபடி கல்லாகும். மழைக்காலக் காற்றின் ஈரத்தை மூட்டைக்குள்ளேயே குடித்துவிட்டால் அதன் சத்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வெயிலில் காயப்போட்டாலும் திரும்பாது. நாங்க காயப்போட்டும் பார்த்தோம்.

அதனால் இப்போது தேவைக்கு இரண்டு மூட்டைதான் வாங்குகிறோம். வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மைதா மாதிரி வழவழப்பாக இருக்கணும். உடையாத கட்டி இருந்தால் வேண்டாம். கால் கிலோ மட்டும் முதலில் வாங்கி வந்து கரைத்துப் பாருங்கள். இருபது நிமிஷத்துக்குள் இறுகி, தொட்டால் சூடு தெரிந்தால் நல்ல சரக்கு. கூரை அலங்கார வேலைக்கு விற்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள், அதில் மெதுவாக இறுகுவதற்கு வேறு சரக்கு கலந்திருக்கலாம். அச்சு வேலைக்கு, பீங்கான் வேலைக்கு என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் செங்கல் மேல் பலகை போட்டு, மூடி போட்ட டிரம்மில் வையுங்கள்.

கரைப்பதிலும் கணக்கு உண்டு. ஒரு கிலோ பொடிக்கு 700 மில்லி தண்ணீர். தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் பொடியைச் சலித்துத் தூவணும். பொடியின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஊறவிட்டு அப்புறம் கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம், தராசு வையுங்கள். பொடி தூவும்போது முந்தானையால் மூக்கை நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். இறுகுகிற கலவைக்குள் கையை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், கை வெந்துவிடும் அளவுக்குச் சூடு ஏறும். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினால் அங்கேயே கல்லாகி அடைத்துவிடும்.

முன் அச்சு காய்ந்தபின் பின் அச்சு ஊற்றும்போது நடுவில் கரைத்த சோப்பை நாலைந்து தடவை பூசுங்கள். அதுக்கென்று விலை கூடின எண்ணெய் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் கூழ் வைக்கும் உள்பக்கத்தில் எண்ணெய் அப்பினால் அச்சு ஈரத்தைக் குடிக்காது, பொம்மை விடாது.

அடுத்தது ரப்பர். சிலிக்கான் ரப்பர் அச்சு நீண்ட நாள் உழைக்கும் என்று ஒரு வியாபாரி எங்களிடம் சொன்னார். பொய் இல்லை. மெழுகுவத்திக்கும், பிளாஸ்டரில் சின்ன அலங்காரப் பொருள் வார்ப்பதற்கும் அது ரொம்ப நல்லது, மடங்கி விரியும் என்பதால் உள்வாங்கிய இடமும் உடையாமல் வரும். ஆனால் ரப்பர் தண்ணீரைக் குடிக்காது. களிமண்ணோ காகிதக்கூழோ அதில் நாள் கணக்கில் ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். விலையோ பல மடங்கு. நீங்கள் வார்க்கப் போவது என்ன என்று முடிவு பண்ணாமல் ரப்பர் வாங்காதீர்கள். வாங்கினால், கூட வரும் இறுகும் திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே எடை போட்டுச் சேருங்கள். குறைந்தால் பிசுபிசுப்பு போகாது.

காகிதக்கூழில் மரவள்ளி மாவுப் பசையோடு பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போடுகிறோம் இல்லையா, அது விஷம். அடுப்படிப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

விநாயகர் சதுர்த்தி ஆர்டர் எடுக்கும் குழுக்களுக்கு ஒன்று. கரைக்கும் சிலையைப் பிளாஸ்டரில் வார்க்காதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் வெளியிட்ட நெறிமுறையில், களிமண் போன்ற இயற்கைப் பொருளில் செய்த, பிளாஸ்டர் கலக்காத சிலைகளையே சொல்லியிருக்கிறது. அச்சு பிளாஸ்டரில் இருக்கலாம், அது நம் வீட்டில்தானே இருக்கப் போகிறது. சிலை களிமண்ணில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டால் யார் தலையில் விழும்?

இரண்டு பாதி அச்சும் நகராமல் இருக்கப் பூட்டுக்குழி எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அது வாயால் சொன்னால் விளங்காது. சாப்பாட்டுக்கு அப்புறம் செய்தே காட்டுகிறேன். பக்கெட்டும் சல்லடையும் பழைய துணியும் கொண்டு வந்திருக்கிறோம், நல்ல புடவையில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.