ஒன்பதும் பத்தும்

மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டுத்தொகை 9 ஆக வருவதற்கும் 10 ஆக வருவதற்கும் தலா ஆறு சேர்க்கைகளே இருந்தும், 10 சற்றே அதிகமாக விழுவது ஏன் என்னும் புதிர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஸ்கனி அரசவையின் கணித அறிஞராக இருந்த கலிலியோவின் ஆய்வுக்கு வந்தது.

ஒரு சோதனையில் நிகழக்கூடிய விளைவுகள் அனைத்தும் அடங்கிய தொகுப்பு கூறுவெளி எனப்படும். ஒவ்வொரு பகடைக்கும் ஆறு முகங்கள் இருப்பதால், மூன்று பகடைகளின் கூறுவெளியில் 6×6×6, அதாவது 216 சமவாய்ப்புள்ள விளைவுகள் உள்ளன. சூதாடிகள் சேர்க்கைகளை எண்ணினார்களே தவிர, எந்தப் பகடையில் எந்த எண் விழுந்தது என்பதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தவறு அங்கேதான் இருந்தது. 3, 3, 3 என்பது ஒரே வழியில்தான் அமையும். 3, 3, 4 என்பதோ, நான்கு எந்தப் பகடையில் விழுகிறது என்பதைப் பொறுத்து மூன்று வழிகளில் அமையும். 1, 2, 6 போல மூன்றும் வேறுபட்டால் ஆறு வழிகள் உண்டு. இவ்வாறு எண்ணினால் 9க்கு 25 விளைவுகளும் 10க்கு 27 விளைவுகளும் கிடைக்கின்றன.

ஒரே வீச்சில் கூட்டுத்தொகை 9 ஆகவும் 10 ஆகவும் இருக்க இயலாது என்பதால், இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். ஆகவே இரண்டில் ஏதேனும் ஒன்று நிகழ்வதற்கான நிகழ்தகவைக் காண, தனித்தனி நிகழ்தகவுகளைக் கூட்டினாலே போதும்: 216இல் 52.

9க்கும் 10க்கும் இடையே 108இல் ஒரு பங்கே ஆன இச்சிறு வேறுபாட்டை, கணக்கறியாத ஆட்டக்காரர்கள் உருட்டி உருட்டியே கண்டுகொண்டிருந்தனர்.