காத்திருக்கும் நேரம்



நகரப் பேருந்துகளைச் சீர்செய்வது பற்றிப் பேச்செடுத்தால், நம்மில் பெரும்பாலோர் உடனே கேட்பது புதிய வண்டிகளையே. வண்டி தேவைதான், மறுக்கவில்லை. ஆயினும் நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு, வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் இடைவெளியே முதன்மையாகத் தோன்றுகிறது.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 2 பேருந்துகள், சரியாக 30 நிமிடத்திற்கு ஒன்றாக வருகின்றன எனக் கொள்வோம். நேரம் பாராமல் நிறுத்தத்திற்கு வரும் ஒருவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். அதே 2 பேருந்துகள் 5 நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வந்துவிட்டால், மற்ற 55 நிமிடமும் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நீண்ட இடைவெளியில்தான் பெரும்பாலோர் வந்து அகப்படுவர். சராசரிக் காத்திருப்பு 25 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. போட்டுப் பாருங்கள். எரிபொருளும் அதே அளவு, ஓட்டுநரும் அதே இருவர். மக்களின் நேரந்தான் பாழாயிற்று.

வண்டிகள் இவ்வாறு ஒட்டிக்கொண்டு வருவது ஓட்டுநரின் குறும்பு என்று பலர் ஏசுகின்றனர். எப்போதும் அஃது உண்மையன்று. சற்றே பிந்திய வண்டிக்கு நிறுத்தங்களில் கூட்டம் சேர்கிறது. ஏறவும் இறங்கவும் நேரமாகி, அது மேலும் பிந்துகிறது. பின்னால் வருவதற்கோ ஆட்கள் குறைவு; அது விரைந்து வந்து முன்னதை எட்டிவிடுகிறது. வழியில் ஓரிரு இடங்களில் நேரக்காப்பாளர் நின்று, முந்தி வரும் வண்டியைச் சிறிது தாமதித்து அனுப்பினால் இது பெரிதும் தீரும்.

தண்டவாளம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான், ஆண்டு 1895. அதனை நடத்திய நிறுவனம் நொடித்துப் போனமையால் 1953இல் அது நின்றது. பின்னர் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது; 2007இல் வேளச்சேரியை எட்டியது. மேலே அழகான பாதை. கீழே இறங்கினால் பேருந்தைத் தேடி நடக்க வேண்டும். நிலையங்கள் பெரிய மண்டபங்களாக எழுந்தும், எதிர்பார்த்த கூட்டம் நெடுங்காலம் சேரவில்லை. பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் வசதி 2025இல்தான் சென்னைக்குக் கிடைத்தது.

நம் விருத்தாசலத்திற்கு டிராம் வேண்டியதில்லை. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாற்புறமும் இருப்புப்பாதை செல்லும் ஊர் இது. ஆயினும் ரயில் நிலையம் ஓரிடம், பேருந்து நிலையம் வேறிடம். பெயர் மட்டும் ‘சந்திப்பு’! ரயில் வரும் நேரமும் நகரப் பேருந்து புறப்படும் நேரமும் ஒரே தாளில் எழுதப்பட்டால், அப்பெயர் பொருளுடையதாகும். கூடுதல் செலவு பெரிதில்லை.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. மாணவர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. மிக நல்ல ஏற்பாடுகள் இவை. ஆனால் மாலைச் சிறப்பு வகுப்பு முடியுமுன்னே கடைசிப் பேருந்து போய்விடுமானால், தொலைவிலுள்ள சிற்றூர்ப் பெண்ணுக்கு அவ்வட்டையால் என்ன பயன்? பாதி வகுப்பில் பையை எடுத்துக்கொண்டு எழுந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். சிலர் மறு ஆண்டு வரவேயில்லை. பீங்கான் பட்டறையில் மாலை வரை வேலை செய்வோர்க்கும் இதே இடர்ப்பாடுதான்.

உங்களால் ஆவது ஒன்று உண்டு. நால்வர் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுத்தத்தில் ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தை ஒரு வாரம் குறியுங்கள். இடமின்றி நின்றுபோனவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். வெறும் மனுவுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று விடை வரும். இந்தத் தாளைப் பணிமனைக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்து, 6 மணி வண்டியை 6.30க்கு மாற்றினால் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று கேளுங்கள்.