என் உள்ளங்கவர்ந்த இசைத்தட்டுகள்



சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், எம். புதுப்பட்டியில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் முன்பு படித்த ஒருவரின் மகன், கல்லூரியில் பயில்பவன், வந்து வணங்கினான். அவன் காதில் செருகியிருந்த சிறு கருவியிலிருந்து மேனாட்டுத் தாளம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் பேசியபின், "ஐயா, உங்களுக்கு மிகவும் பிடித்த இசைக்குழு எது? பாட்டாசிரியர் யார்? அவர்களுடைய ஆல்பங்களில் எதை முதலாவதாகச் சொல்வீர்கள்?" என்று மூன்று வினாக்களை ஒரே மூச்சில் தொடுத்தான். ஆயுள் முழுவதும் பிறரை வினவியே பழகிய எனக்கு அன்று விடை கூற இயலவில்லை. "இன்னொரு நாள் சொல்கிறேன், தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அந்த விடையைத்தான் இன்று உங்கள் அனைவருக்குமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆல்பம் என்ற சொல்லை முதலில் தெளிந்துகொள்வோம். பழங்கால இசைத்தட்டு, அரக்கையும் கற்பொடியையும் கலந்து அழுத்திச் செய்யப்பட்டது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசையே அடங்கும். நீண்ட இசையைப் பதிவு செய்ய வேண்டுமாயின் பல தட்டுகள் தேவை. அத்தட்டுகளை, புத்தகம்போல் கட்டிய உறைகளில் இட்டு விற்றனர். நிழற்படங்களை ஒட்டிவைக்கும் ஏட்டை அது ஒத்திருந்தமையால் ஆல்பம் என்னும் பெயர் அதற்கும் அமைந்தது. 1948-இல், நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று அதிகமாகச் சுழலும் நெடுந்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தபின், பல பாடல்கள் ஒரே தட்டில் அடங்கின. ஏட்டுறை மறைந்தது, பெயர் நிலைத்தது. நம் நாட்டிலோ 1908-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவின் சியால்தாப் பகுதியில் இசைத்தட்டு ஆலை தொடங்கப்பட்டுவிட்டது. தமிழ் நாடகங்களும் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெளிவந்தன. ஆகவே, ஆல்பம் உங்கள் தலைமுறைக்கு மட்டும் உரிய புதுப்பொருள் அன்று.

என் தாத்தாவிடம் அத்தகைய தட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றினால் பாடும் கிராமபோன் ஒன்றும் இருந்தது. பிற்பகலில் வீட்டுப் பெண்டிர் தாழ்வாரத்தில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுவர். தாத்தா ஊசியை மாற்றித் தட்டைச் சுழல விடுவார். கூலிக்குச் செய்யும் அவ்வேலையின் சலிப்பைப் பாட்டு ஓரளவு போக்கியது. தட்டின் ஒரு பக்கம் பாடி முடிவதற்குள் எத்தனை பெட்டிகள் ஒட்ட முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகி, மரப்பெட்டி நனைந்துவிட்டது. தாத்தா வெளியூர் சென்றிருந்தார். எங்கள் பகுதியில் மழை குறைவு, வெயில் மிகுதி. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றியதற்கு அந்த வறண்ட வெயில் ஒரு காரணம். எதை உலர்த்த வேண்டுமானாலும் களத்தில் பரப்புவதே நாங்கள் கண்ட வழக்கம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நாளில், நானும் அவ்வாறே செய்தேன். தட்டுகளை வரிசையாகக் களத்தில் பரப்பிவிட்டு விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது, அரக்குத் தட்டுகள் அப்பளம்போல் நெளிந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றேனும் பாடவில்லை.

மறுநாள் தாத்தா வந்தார். பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அழைத்தார். "ஐயா, தட்டுப் போனாப் போகுது. அதுல இருந்த பாட்டு எனக்குத் தெரியும். நோட்டு எடுத்துட்டு வா, சொல்றேன்" என்றார். நான் நோட்டும் பேனாவுமாக அமர்ந்தேன். முதற் பாட்டைச் சொல்லுமுன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பாட்டைக் கட்டினது யாரு?" நான் விழித்தேன். நூறு முறை கேட்ட பாட்டு. பாடியவர் பெயர் தெரியும். இயற்றியவர் பெயர் தெரியாது. "அதை முதல்ல எழுது" என்றார். அன்று தொடங்கிய அந்த நோட்டுத்தான் என் இசைக் கல்வியின் முதற் பாடநூல். அதைப் புரட்டியே உங்களுக்கு விடை சொல்லப் போகிறேன்.

முதல் வினா: பிடித்த இசைக்குழு எது? என் தாத்தா காலத்தின் இசைக்குழு நாடக மேடைதான். ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், பாடத் தெரிந்த நடிகர்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து, ஓரிரவு மட்டும் ஒன்றுகூடி நடிக்கும் முறைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒத்திகை கிடையாது. கதை அனைவர்க்கும் தெரியும். பாட்டிலே தருக்கம் எழும். எதிர்ப்பாட்டு அங்கேயே பிறக்கும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் எட்டும்படி பாடவல்லவனே நடிகன்.

இரண்டாம் வினா: பாட்டாசிரியர் யார்? என் நோட்டின் முதற் பக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் இருக்கிறது. 1867-இல் தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தெருக்கூத்து மரபையும் இலக்கியப் புலமையையும் இணைத்து நாடகங்கள் இயற்றினார். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய வள்ளி திருமணம் இன்றும் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுகிறது. எழுதியவர் மறைந்து நூறாண்டு கடந்த பின்னும், பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூட முணுமுணுக்கும் பாட்டு என்றால், அதற்கு மேல் ஒரு பாட்டாசிரியனுக்கு வேறென்ன சிறப்பு வேண்டும்?

இரண்டாம் பக்கத்தில் இருப்பவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892-இல் நாகலாபுரத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வெள்ளைச்சாமி. சங்கரதாஸ் சுவாமிகள் புராணக் கதைக்குப் பாட்டுக் கட்டினார். பாஸ்கரதாஸோ நாட்டு நடப்புக்குப் பாட்டுக் கட்டினார். 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த கொடுமை அவர் பாட்டாயிற்று. கதரும் இராட்டையும் அவர் பாட்டாயின. செய்தித்தாள் படிக்கத் தெரியாத மக்களுக்கு அப்பாட்டுகளே செய்தித்தாளாக இருந்தன. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸில் ஒலித்த பாடல்களையும் அவர் எழுதினார். 1952-இல் அவர் காலமானார்.

மூன்றாம் வினா: தட்டுகளில் எது சிறந்தது? தயங்காமல் சொல்வேன்: செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா பாடியவை. அவற்றுள்ளும், வேடனாய் வந்த முருகன் தினைப்புனத்தில் வள்ளியைக் கண்டு பாடும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு முதன்மையானது. பிற்காலத்தில் அதன் ஒலிப்பதிவை நான் மீண்டும் கேட்டேன். மிக உயர்ந்த சுருதியில் தொடங்குகிறார். இனி ஏற இடமில்லை என்று நாம் எண்ணும் இடத்திலிருந்து மேலும் ஏறுகிறார். ஆயினும் ஒரு சொல்கூடச் சிதையவில்லை. 1906-இல் பிறந்த அவர், 1933-இல், இருபத்தேழு வயதில் மறைந்தார். அடுத்து, அவருடைய துணைவியார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். இலங்கையில் நடந்த நாடகங்களில் இருவரும் இணைந்து நடிக்கத் தொடங்கி, 1927-இல் மணந்துகொண்டனர். கணவர் மறைவுக்குப்பின் வெண்ணிற ஆடை உடுத்து வாழ்ந்த அவ்வம்மையார், தேசியப் பாடல்களைப் பட்டிதொட்டியெங்கும் பாடினார். 1958-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் இடம் பெற்றார்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. ஆயினும் என் பட்டியலில் அவருக்குத் தனியிடம் உண்டு. அவர் எங்கள் மண்ணின் மைந்தர். 1886-இல் சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விசுவநாததாஸ். முருகன் வேடம் பூண்டு மேடைக்கு வருவார்; புராணக் கதையினூடே விடுதலைப் பாட்டைப் பாடுவார். தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு எழும். அந்தக் கொக்கு யார் என்பது கூட்டத்தினருக்குத் தெரியும். கொட்டகை வாசலில் நிற்கும் காவலருக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். அவர் நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக, அவரோடு நடிக்க மறுத்த நடிகரும் உண்டு. ஆட்சியாளர் ஒருபுறம், சொந்த மக்களின் சாதிச் செருக்கு மறுபுறம். இரண்டுக்கும் அவர் பாட்டாலேயே மறுமொழி கூறினார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் மயில்மீது முருகனாய் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

என் தாத்தா இளைஞராக இருந்தபோது அவர் நாடகத்தைப் பார்த்தவர். அவர் பாடிய பாட்டொன்றை எனக்குச் சொல்லி எழுதுவித்தார். மெட்டையும் பாடிக் காட்டினார். சொற்கள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. ஆனால் நண்பர்களே, அந்த மெட்டு என் நினைவை விட்டு அகன்றுவிட்டது. அன்று, "எழுதியாயிற்று, இனி மறக்காது" என்று எண்ணினேன். தாத்தா காலமானபின் ஒருநாள் நோட்டைத் திறந்தேன், சொற்களைப் படித்தேன், பாட முயன்றேன். வரவில்லை. வெயிலில் நெளிந்த தட்டுகளுக்காக நான் அன்று வருந்தியதைவிட, இதற்காக இன்று மிகுதியாக வருந்துகிறேன். தட்டு நெளிந்தது அறியாமையால். மெட்டு மறைந்ததோ என் சோம்பலால். ஒலிப்பதிவுக் கருவி எளிதாகக் கிடைத்த காலத்திலும், தாத்தா உயிரோடிருந்தபோது அவரைப் பாடச் சொல்லி நான் பதிவு செய்து வைக்கவில்லை.

உங்களில் பலர் மேனாட்டு இசையை விரும்பிக் கேட்கிறீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட சார்ஜண்ட் பெப்பர் என்னும் நெடுந்தட்டின் பின்னுறையில், பாடல்களின் சொற்களை முழுமையாக அச்சிட்டிருந்தனர். கேட்பவன் படிக்கவும் வேண்டும் என்ற அந்த எண்ணம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் நாடகக் கொட்டகை வாயிலில் மலிவான பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக விளம்பரங்களையும் கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் தேடித் திரட்டினார். அவர் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தை நீங்கள் ஒருமுறையேனும் சென்று காண வேண்டும். பிறர் குப்பை என்று எறிந்ததை ஒரு மனிதர் செல்வமாகப் போற்றியதன் பயனை அங்கே காண்பீர்கள்.

இசையை நேசிப்பவன் வெறுமனே கேட்பவனாக மட்டும் இருத்தல் போதாது என்பது என் துணிபு. உங்களுக்குப் பிடித்த பாட்டு எதுவாயினும் ஆகுக. அதை இயற்றியவர் யார், இசை அமைத்தவர் யார், பின்னின்று கருவி இசைத்தவர் யார் என்று கேட்டறியுங்கள். நம் பழம் பாவலர்கள் பாட்டின் இறுதியில் தம் பெயரை முத்திரையாகப் பொறித்து வைத்தார்கள். பிழைப்புக்காகப் பாடியோரும் எழுதியோரும் நம்மிடம் வேண்டுவது, தம் பெயரை மறவாமை ஒன்றையே. நாம் செலுத்தக்கூடிய கடனும் அதுவே.

இன்னொன்று. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, நாடகப் பாட்டோ ஒன்றேனும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒலிப்பதிவு செய்யும் கருவி இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அருகில் அமர்ந்து, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பது ஆகியவற்றையும் உடன் எழுதிவையுங்கள். சொல்லை மட்டும் எழுதிவிட்டு மெட்டை இழந்த என்னைப் போல் நீங்கள் ஆகிவிடக் கூடாது.

அந்த இளைஞனை மறுபடி அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "ஐயா, அந்த நோட்டை நான் பார்க்கலாமா?" என்றான். எடுத்துக் கொடுத்தேன். விசுவநாததாஸ் பக்கத்தைத் தன் கருவியில் படமெடுத்துக்கொண்டு, "திருமங்கலத்தில் என் ஆச்சி இருக்கிறார்கள். பழைய நாடகப் பாட்டெல்லாம் பாடுவார்கள். மெட்டுத் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்" என்றான்.

அவன் சென்று சில மாதங்கள் ஆகின்றன. அவன் வருகைக்காகக் காத்திருக்கிறேன்.