தறிக்குப் பக்கத்தில் குழந்தை, குழந்தை கையில் செல்போன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"சிறு குழந்தை வளர்ப்பும் செல்போனும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் எங்கே கூட்டம் போட்டாலும் கடைசியில் அம்மாக்களைத் திட்டித்தான் முடிப்பார்கள். "புள்ளை கையில போனைக் கொடுத்துட்டு என்னம்மா பண்றே?" என்று கேட்பார்கள். நான் இன்றைக்கு யாரையும் திட்டப் போவதில்லை. அந்த அம்மா என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தறியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். பிறகு பல வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தேன். அதனால் தறி வீட்டையும் தெரியும், அந்த வீட்டுப் பிள்ளையையும் தெரியும்.

நம்ம காஞ்சிப் பட்டுக்குப் பேரே கோர்வையில்தான். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடா ஓடணும். தனி ஆளால் முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, வருகிற நாடாவை வாங்கித் திருப்பி அனுப்பணும். வீட்டுக்காரர் நெய்தால் பெரும்பாலும் பக்கத்தில் உட்காருவது நாம்தான். எழுந்தால் வேலை நிற்கும். இரண்டு வயசுக் குழந்தை தறிக் குழிப் பக்கம் தவழ்ந்து வரும், இழையைப் பிடித்து இழுக்கும். ஒரு இழை அறுந்தால் யாருக்கு நஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் போனைக் கொடுத்தால் குழந்தை ஓரமாக உட்கார்ந்துவிடும். சம்பளம் கேட்காத ஆயா அது. அதனால்தான் நம் வீட்டுக்குள் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

இதைச் சொல்லும்போது பழைய கதை ஒன்றையும் சொல்லணும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கோர்வைக்கு அம்மா இல்லையென்றால் பிள்ளைதான் உட்காரும். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. எங்களுக்காவது சொந்த வீட்டுத் தறி. முன்பணம் வாங்கிய கடனுக்காக அடுத்தவர் தறிக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986லேயே வந்தது. ஆனாலும் 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற உலக அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு அறிக்கை போட்டது. அதில் நம் காஞ்சிபுரத்தின் பேரும் இருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2010ல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. நம் குழுக்களும் அந்த வட்டிக் கடனிலிருந்து பல குடும்பங்களை வெளியே கொண்டுவந்தன.

அப்படிக் கஷ்டப்பட்டுத் தறியிலிருந்து எழுப்பிய குழந்தையை எங்கே உட்கார வைக்கிறோம்? இதுதான் இன்றைக்கு என் கேள்வி.

செல்போனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது கல்வித் தொலைக்காட்சியும் போனும்தான் பிள்ளைகளுக்கு வகுப்பறை. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நேரில் பாடம் திரும்பவும் தொடங்கியது 2021 நவம்பர் 1ந் தேதிதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் போன் இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கித்தான் போச்சு. இன்றைக்கு நம் சேலை டிசைன் வாட்ஸ்அப்பில் போகுது, ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருது. மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15ந் தேதி நம் காஞ்சிபுரத்தில்தானே தொடங்கி வைத்தார்கள்? அந்தப் பணம் ஏறிவிட்டது என்று முதலில் சொல்வதும் போன்தான். அதைத் தூக்கிப் போட முடியாது.

கருவியும் நமக்குப் புதுசில்லை. தறி மேலே ஜக்கார்டு இருக்கே, அதன் அட்டையைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் செய்த ஏற்பாடு அது. அதே மாதிரி ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத்தான் 1890ல் அமெரிக்காவில் மக்கள்தொகையை எண்ணும் இயந்திரம் ஓடியது. அந்த வழியில் வளர்ந்து வந்ததுதான் கம்ப்யூட்டர், இன்றைய செல்போன். கம்ப்யூட்டருக்குப் பாட்டி முறை நம் தறி!

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மிதியிலிருந்து காலை எடுத்தால் தறி நின்றுவிடும். யூடியூப் நிற்காது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது தானாக வந்துவிடும். போதும் என்று அது சொல்லாது. இரண்டு வயசுக் குழந்தைக்கும் போதும் என்று சொல்லத் தெரியாது. அதை நாம்தான் சொல்லணும்.

குழந்தைக்குப் பேச்சு எப்படி வருது என்று நான் அங்கன்வாடியில் பார்த்ததைச் சொல்கிறேன். அது கோர்வை மாதிரிதான். இந்தப் பக்கம் நாடா போகணும், அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரணும். குழந்தை "பா" என்கிறது. "பாலா வேணும்? பாப்பாவுக்குப் பாலா?" என்று நாம் கேட்கிறோம். அது சிரிக்குது, கையை நீட்டுது, மறுபடி "பா" என்கிறது. இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை போய் வந்தால்தான் பேச்சு நெய்யப்படும். போன் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வீசிக்கொண்டே இருக்கும். குழந்தை திருப்பி வீசினால் பிடிக்க அங்கே ஆள் இல்லை.

எங்கள் மையத்துக்கு மூன்று வயசுப் பையன் ஒருவன் வந்தான். இங்கிலீஷில் இருபது வரைக்கும் எண்ணுவான். நிறம் எல்லாம் இங்கிலீஷில் சொல்லுவான். அவன் அம்மாவுக்குப் பெருமை. ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாது. என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துக்கொண்டு போவான். வீட்டில் கோர்வை நேரம் முழுக்க அவனுக்குப் போன்தான் துணை. அம்மாவைத் தறியை விட்டு எழுந்திரு என்று நான் சொல்லவில்லை, சொன்னால் சோறு யார் போடுவது? வேறு யோசனை செய்தோம். காலையில் தாத்தா அவனைக் கடைக்குக் கூட்டிப் போனார். தறி நேரத்தில் ஒரு பெட்டி நிறைய காலி தார்க்குச்சியும் கழிவு நூலும் கொடுத்து, கண்ணுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அம்மா கையை நிறுத்தவில்லை, வாயை மட்டும் திறந்தாள். "அரக்கு எங்கே? மாம்பழ மஞ்சள் எங்கே? அப்பாவுக்கு ஒரு குச்சி கொடு" என்று பேசிக்கொண்டே வேலை செய்தாள். சில மாசத்தில் அவன் என்னிடம் "ஆயாம்மா, தண்ணி குடு" என்று கேட்டான். இருபது எண்ணியதைவிட அதுதான் பெரிய பாடம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது வேறு, வேலைக்கு உட்கார வைப்பது வேறு. பழைய இடத்துக்கு நாம் திரும்பிப் போகக் கூடாது.

கணக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: இரண்டு வயசு ஆகும் வரைக்கும் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயசு வரை வேண்டாம் என்றுதான் சொல்லுது. வெளியூரில் இருக்கிற அப்பாவையோ பாட்டியையோ வீடியோ காலில் பார்த்துப் பேசுவதில் தப்பில்லை, ஏனென்றால் அங்கே பதில் பேச ஆள் இருக்கு. மூன்று நாலு வயசுப் பிள்ளை 10 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கணும். நாள் முழுக்கச் சேர்த்து 3 மணி நேரமாவது ஓடியாடணும். போன் பிடுங்கிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

இன்னொன்றும் முக்கியம். ஒன்றரை வயசாகியும் ஒரு வார்த்தை வரவில்லை, இரண்டு வயசில் "அம்மா வா" என்று இரண்டு வார்த்தை சேரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "போன்தான் காரணம், நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். காது மந்தமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அரசு நடமாடும் மருத்துவக் குழு வருஷத்தில் இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று மாமியார் சொல்வார். அவர் சொல்லட்டும், நீங்கள் காட்டிவிட்டு வாருங்கள்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் போன் வேண்டாம். இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கு. தெரியாவிட்டால் குழுவில் படித்த பெண்ணைக் கேளுங்கள், ஒரு நிமிஷ வேலை. போட்டால் கூட உட்கார்ந்து பாருங்கள், "யானை எங்கே போச்சு?" என்று கேளுங்கள். பணம் அனுப்பும் ஆப்புக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். ரகசிய எண்ணைப் பிள்ளைக்குத் தெரிய வைக்காதீர்கள். குழுக் கடன், உரிமைத் தொகை எல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருக்கு. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடியுங்கள். பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098.

காட்டுவதற்கு நம் ஊரில் என்ன குறைச்சல்? வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இருக்கு. நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குது. வெளியூர்க்காரர்கள் காசு செலவழித்துப் பார்க்க வருகிறார்கள். நம் பிள்ளை அதைப் போனில் பார்ப்பதா? ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிக்கொண்டு போகட்டும். குழந்தை வளர்ப்பு அம்மாவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த வேலை இல்லை.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. தனி ஒரு அம்மாவால் இதைச் செய்ய முடியாது. கை இரண்டுதான் இருக்கு, இரண்டும் தறியில் இருக்கு. ஆனால் நாம் கூட்டாகச் செய்து பழகியவர்கள். 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது குழுப் பெண்கள்தானே? அடுத்தவர் பிள்ளைக்கு ஆக்கிப் போடத் தெரிந்த நமக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியாதா? அங்கன்வாடி விட்ட பிறகு, தெருவுக்கு நாலைந்து வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு உன் திண்ணை, நாளைக்கு என் திண்ணை. குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வசூல் என்று தீர்மானம் எழுதுகிறோம். மாசத்துக்கு ஒரு தடவை, "நம் குழுவில் ஐந்து வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், யார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்றும் ஒரு வரி எழுதுவோம். எழுதினால்தான் அது வேலையாக நடக்கும்.

2019ல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தார். அதற்கு முந்தி 1979. அன்றைக்கு நம் தெருக்களில் டிவி இருந்த வீட்டை விரல் விட்டு எண்ணலாம். 2019ல் கும்பிடப் போன கை எல்லாவற்றிலும் போன். அடுத்தது 2059. இன்றைக்கு நம் இடுப்பில் இருக்கிற குழந்தை அன்றைக்குக் குடும்பத்தைத் தாங்குகிற வயசில் இருக்கும். அப்போது கையில் என்ன கருவி இருக்குமோ, அதை நாம் இன்றைக்கு முடிவு செய்ய முடியாது. எந்தக் கருவி வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்த பிள்ளையாக வளர்ப்பது மட்டும் நம் கையில் இருக்கு.

 வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும் வரை போன் அடித்தாலும் எடுக்காதீர்கள்.